புளித்த கறி

"கெட்டுப்போன கறி இருக்கா?"

ஹெல்மெட்டைக் கழற்றாமல், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார் சங்கரநயினார். வெங்காயம் சேர்ப்பதற்கே நாள் பார்க்கும் சைவக் குடும்பம். கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி ஒரு பன்றிப் பண்ணை வாசலில் வந்து நிற்போம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பண்ணைக்காரன் மாரிசெல்வம் சிரித்தான். "கெட்டுப்போனது இல்ல அண்ணாச்சி, புளிக்க வச்சது. பாங்காக்குல ஓட்டல் வேலைக்குப் போயி படிச்ச வித்தை. பன்னிக்கறி, சோறு, பூண்டு, உப்பு. கொடல்ல அடைச்சு தொங்கவிட்டா தன்னால புளிச்சிரும்."

சங்கரநயினார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன செய்ய? மகன் ராம்சங்கர் பாங்காக்கில் வேலை பார்த்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவளை வீட்டில் கூப்பிடும் பெயர் நோய். அவர்கள் பாஷையில் சின்னவள் என்று அர்த்தமாம். வீட்டுக்கு வந்த மருமகளை நோய் என்று கூப்பிட முடியுமா? மாமியார் பிரம்மநாயகி அவளை மீனலோசினி ஆக்கிவிட்டாள்.

பிரசவம் முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அனுப்பிவைத்திருக்கிறான் மகன். வந்த இடத்தில் மசக்கை. இந்தப் புளித்த கறி கிடைக்காவிட்டால் விமானம் ஏறித் தாய் வீட்டுக்கே போய்விடுவாளாம்.

"மசக்கைக்காரி கேட்டதக் குடுக்கலைன்னா பிள்ளைக்குக் காது ஒழுகும்" என்றாள் பிரம்மநாயகி. "பேரப்பிள்ளய போட்டோவுல பாத்தாப் போதும்னா சும்மா இருங்க."

போட்டோவில் பார்த்தால் போதாது. பிள்ளையை முதலில் தான்தான் கையில் வாங்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தார் சங்கரநயினார். பின்கட்டில் தனி அடுப்பு வைத்தார், தனிச் சட்டி வாங்கினார், கறி தேடி அலைந்தார்.

முதலில் டவுனில் ஒரு கடையில் உறைய வைத்த பாக்கெட். மூக்கைப் பொத்திக்கொண்டு அதை உள்ளே கொண்டுபோன பிரம்மநாயகி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். "கோழியாம். புளிப்பே இல்லியாம்."

அடுத்து ராஜபாளையத்தில் ஒருவன் தலையில் கட்டியது. "வினிகர ஊத்தி ஏமாத்திட்டான் பாவி. கடிச்சதும் லேசாப் புளிக்கணும், பொறவுதான் பூண்டு மேல வரணும். இது நாக்க அறுக்கு" என்றாள் பிரம்மநாயகி.

தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத மருமகளின் மனதில் இருப்பதை இப்படிப் புட்டுப்புட்டு வைக்கிறாளே என்று சங்கரநயினாருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன வருஷம் மகன் வீட்டில் மாசக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவள் அல்லவா?

"நல்லாப் புளிச்சிருக்கா?" என்று மாரிசெல்வத்திடம் கேட்டார்.

"வாயில போட்டுப் பாருங்களேன்."

"சிவ சிவா. நீயே பாத்துச் சொல்லுப்பா" என்று நாலடி பின்னால் போனார்.

அவன் ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடித் தலையாட்டினான். "பாங்காக்குலகூட இப்படிக் கிடைக்காது. கொண்டுட்டுப் போங்க."

திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தாரோ, அதே ஆபீஸ் சகா பேச்சிராஜ் பைக்கை உரசினாற்போல் கொண்டுவந்து நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான்.

"என்ன அண்ணாச்சி, பையில மாவா? நல்லாப் புளிச்சிட்டே."

"ஆமா வே, வெயிலு" என்றார். சட்டை முதுகோடு ஒட்டியது. அந்த ரயில் வருவதற்குள் ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எப்போதும் வாசலுக்கு ஓடிவரும் பிரம்மநாயகியைக் காணோம். பூஜை அறையில் தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தது. மருமகள்தான் வந்து கதவைத் திறந்தாள்.

பாவம், வாடிப்போயிருந்தாள். சங்கரநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசாரமாவது ஒன்றாவது என்று, தன் கையாலேயே பையை நீட்டினார்.

"அருமையாப் புளிச்சிருக்காம் தாயி. வயிறாரச் சாப்பிடு. ஊருக்கு மட்டும் போயிராத."

பையை வாங்கியவள், வாடை ஏறியதும் ஓங்கரித்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தி, மறு கையால் பையை எட்டப் பிடித்துக்கொண்டு, பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"அத்தே, உங்களுக்கு வந்துட்டு."