நாலு கட்டைக்கு ஒரு கிட்டார்

ஆறாவது கம்பியைத் தளர்த்தினான் நாகேஸ்வரன். மற்ற ஐந்தும் விறைத்துக்கொண்டன.

ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினால், ஆறாவது எங்கேயோ போயிருந்தது.

வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்தவனுக்கு இது புரியாத சங்கதி அல்ல. கிட்டார் ஒரு கூட்டுக் குடும்பம். ஆறு கம்பியையும் தாங்குகிற குதிரை, முதுகுப்பக்கம் இருக்கும் மூன்று ஸ்பிரிங்கின் தயவில் அந்தரத்தில் நிற்கிறது. ஒருத்தர் கொஞ்சம் இளகினால் போதும், மீதிப் பேருக்கு முறுக்கு ஏறிவிடும்.

மணி மூன்றேகால். நாலரைக்குக் கரமனைக்காரர்கள் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பையனின் அம்மா சீதாலக்ஷ்மி பாட்டு டீச்சர். இதுவரை நான்கு பெண்களைச் சுருதி சேரவில்லை என்று கழித்தவர். ஜாதகமெல்லாம் அவருக்குப் பிற்பாடுதான்.

அக்கா விஜயம் ஐந்து கட்டைச் சுருதியில் நன்றாகவே பாடுவாள். ஆனால் மூன்று நாளாய் ஜலதோஷம். குரல் நாலு கட்டைக்கு இறங்கி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. வீட்டுச் சுருதிப்பெட்டியின் துருத்தியை எலி தின்றுவிட்டது. தெருவில் இன்னொரு சுருதிப்பெட்டி உண்டு. அந்த வீட்டோடு பேச்சு கிடையாது.

"கிட்டாரைத் தம்புராவாக்கித் தாடா, நாகு," என்றாள் விஜயம். "இது நடந்தாகணும்."

இதற்கு முன் வந்த எந்தப் பையனுக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஆக்கியே தீருவது என்று நாகேஸ்வரன் முடிவு செய்தான். பி.எஸ்ஸி. சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவன் எடுத்த முதல் முடிவு.

கிட்டார் அவனுடையது அல்ல. மூன்று மாதத்துக்கு முன் விஜயம்தான் ஆபீஸ் விட்டு வரும்போது சுமந்துகொண்டு வந்தாள். துபாய்ச் சரக்கு, யாரோ தெரிந்தவர் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்றாள். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. அவன் பார்க்கவில்லை.

ஒரே ஒரு குறை. கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகளைக் கவ்விப் பிடிக்கும் மூன்று இரும்புப் பூட்டுகள். அவற்றைத் திறந்தால்தான் சுருதியை மாற்ற முடியும். திறப்பதற்கு 'எல்' போல் வளைந்த சின்னச் சாவி வேண்டும். அது மட்டும் கூட வரவில்லை.

சாலைக் கடைத்தெருவை மூன்று நாள் சல்லடை போட்டுச் சலித்தான். சைக்கிள் கடையில் சிரித்தார்கள். தையல் மெஷின் கடையில் சிரிக்கவும் நேரமில்லை.

"சாவி எங்கயும் போகாது. தானே வந்து சேரும், கேட்டியா," என்றாள் விஜயம்.

ஆறுதல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

இன்று காலை குடைக்கம்பி ஒன்றை அரத்தால் ராவி ஆறு பட்டை தீட்டினான். பூட்டுகள் திறந்துகொண்டன. திரும்ப இறுக்கப் போனபோது குடைக்கம்பி தன் பிறவிக்குணத்தைக் காட்டி வளைந்தது.

மணி மூன்றே முக்கால்.

அவன் அப்பாவின் ஆபீஸ் அடிஸ்கேலை எடுத்து, முதல் இரண்டு அங்குலத்தை அறுத்து, குதிரை ஆடாமலிருக்க ஸ்பிரிங் பொந்துக்குள் முட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த அளவும் இரண்டில்தான் தொடங்குகிறது.

நாலேகாலுக்கு ஆறு கம்பியும் பஞ்சமம் ஸட்ஜம், பஞ்சமம் ஸட்ஜம் என்று நாலு கட்டையில் நின்றன. கிட்டாரின் ஒயரை ரேடியோவின் முதுகில் செருகினான். தம்புராவேதான். கொஞ்சம் பெட்ரோமாக்ஸ் இரைச்சல் கலந்த தம்புரா.

"இதென்னடா, தம்புராவுக்குக் கரண்ட்டா?" என்றார் அப்பா.

"துபாய்த் தம்புராப்பா. கரண்ட் இல்லாம வாய் திறக்காது."

வந்தார்கள். பையனுக்கு பாங்கில் வேலை. உட்கார்ந்ததிலிருந்து உத்தரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படியொரு சாதுவை நாகேஸ்வரன் காலண்டரில்தான் பார்த்திருந்தான்.

விஜயம் மோகனத்தில் ஆரம்பித்தாள். நாகேஸ்வரன் கம்பிகளை வரிசையாக மீட்டிக்கொண்டிருந்தான். சீதாலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டார், கேஸ் கட்டைப் படித்து முடித்த ஜட்ஜைப் போல.

பல்லவி தேறியது. அனுபல்லவியில் இரண்டாவது கம்பி வழுக்கியது. சரியாக இறுகாத பூட்டு. முதலில் ஒரு மயிரிழை. பிறகு இன்னும் ஒன்று.

சீதாலக்ஷ்மியின் இடது புருவம் ஏறியது.

விஜயத்தின் ஸட்ஜம் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் காலடியில் தரைதான் நகர்ந்துகொண்டிருந்தது. நாகேஸ்வரன் குடைக்கம்பியை எடுத்துப் பூட்டில் வைத்து அழுத்தினான். அது இரண்டாக மடிந்தது.

பாட்டு நின்றது.

"ஒரு நிமிஷம்," என்று பையன் எழுந்தான்.

யாரையும் கேட்காமல் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சட்டைப் பையில் கைவிட்டான். வெளியே வந்தது 'எல்' போல் வளைந்த ஒரு சின்னச் சாவி. கம்பியை ஏற்றி, மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினான். பிறகு குதிரையின் ஓரத்திலிருந்த பொடித் திருகை, கண்ணால் பார்க்காமலே விரலால் தேடிப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினான்.

சுருதி சுவர்போல் நின்றது.

கூடத்தில் வேறெதுவும் அசையவில்லை. அப்பாவின் காபி டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது. விஜயம் ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சீதாலக்ஷ்மி கண்ணைத் திறந்தார். சாவியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"தோய்க்கப் போடற சட்டையிலெல்லாம் இந்த வளைஞ்ச கம்பியாக்கும். எதுக்குடான்னு மூணு மாசமா கேட்டுண்டிருக்கேன். வாயைத் திறக்கலை."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பாடு குழந்தே. எங்க நின்னுதோ, அங்கேர்ந்து."