பத்து மறுதொடக்கங்கள்

ஐந்து நிமிடம் இருபது வினாடி. மறுபடியும் சிவப்பு.

உமாராணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். காலை எட்டு மணியிலிருந்து இதே வேலை.

அவளுடைய கம்பெனி பினாங்கில். அவள் கெடா மாநிலத்துக் குருணில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில். சர்வர்களை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனங்கள் எல்லாவற்றோடும் ஒரே மாதிரி பேசும் நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்கே உரிய சில வழக்கங்கள் உண்டு. பொதுத் தொகுப்பில் அடங்காத அவற்றுக்குத் தனியாக நீட்டிப்பு எழுத வேண்டும்.

அவளுக்குக் கிடைத்தது ஜித்ராவில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனம்.

எல்லாம் முடிந்துவிட்டது. மறுதொடக்கம் மட்டும் பாக்கி. இங்கிருந்து கட்டளை போனால் அங்கே சர்வர் அணைந்து மீண்டும் எழ வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள்.

தொடர்ந்து பத்து முறை. அப்போதுதான் தொகுப்பைப் பராமரிப்பவர்கள் நீட்டிப்பை ஏற்பார்கள். ஏற்றால் அவளுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் நாளையோடு ஒப்பந்தம் முடிகிறது.

நாளை வெள்ளி. ஜித்ராவும் கெடாதான்; அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஜித்ரா அலுவலகம் இன்று ஐந்து மணிக்கு அடைத்தால் ஞாயிறுதான் திறக்கும். பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது.

காலையில் மூன்று நிமிடத்தில் எழுந்தது. ஆறு முறை வரை வந்த பிறகு அவள் நிரலிலேயே ஒரு பிழை. திரும்ப ஒன்றிலிருந்து. பதினொரு மணிக்கு நான்கு நிமிடம் ஆனது. சாப்பாட்டு நேரத்தில் பதிலே இல்லை. அதன்பின் நான்கரை, ஐந்து, இப்போது இது.

சர்வருக்குக் களைப்பு வருமா என்ன?

இரண்டு மணிக்கு ஒரு வழி செய்தாள். இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் கட்டளை தானாகவே இன்னொரு முறை போகும். மற்ற நிறுவனங்களிடம் பலித்த வழி. இங்கே இன்னும் மோசமானது.

ஏழு நிமிடம். ஒன்பது.

மேனேஜர் லோகேஸ்வரன் செய்தி அனுப்பினார். "என்னம்மா உமா, சர்வர எழுப்புறியா, தாலாட்டுறியா?"

மூன்றரைக்கு, வேறு வழியில்லாமல், ஜித்ரா நிறுவனத்துக்குப் போன் செய்தாள். தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதை மலாய் மொழியில் ஒரு தாளில் எழுதிவைத்துப் படித்தாள்.

மறுமுனையில் ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. பெயர் தலீலா என்றாள். உமாராணியின் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"காலையிலருந்து நீங்கதானா அக்கா? சர்வர்ல கோளாறு ஒன்னும் இல்லலா. உங்க கட்டளை வந்தா என் போன்ல மணி அடிக்கும். நான்தான் மூனு மாடி ஏறிப்போய் சுவிட்ச அடைச்சுத் திறக்கணும். மத்தவங்க மாசத்துக்கு ரெண்டு தடவ கேப்பாங்க. உங்களுக்கு நான் பாதிப் படி இறங்குறதுக்குள்ள மறுபடி அடிக்குது."



உமாராணி, பத்து முறை, ஐந்து நிமிடம், நாளையோடு முடியும் ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் தாள் இல்லாமலே சொன்னாள்.

தலீலா சட்டென்று கேட்டாள்.

"பத்துதானே? இத முன்னாடியே சொல்லக்கூடாதா? இருங்க, ஒரு நாற்காலிய மேல தூக்கிட்டுப் போறேன்."

உமாராணி, கட்டளையைத் திரும்ப அனுப்பும் வரிகளை அழித்துவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

பத்தும் பச்சை. எதற்கும் ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு ஐம்பதுக்குப் பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. நீட்டிப்பு ஏற்கப்பட்டது. இத்தனை சின்ன நிறுவனம் இவ்வளவு வேகமாக மறுதொடக்கம் செய்து பார்த்ததில்லை என்று பாராட்டியிருந்தார். இந்த வாரப் பதிப்பிலேயே சேர்க்கிறார்களாம். இனி எந்த ஊரிலிருந்தும், யாரும், எந்த நேரத்திலும் ஜித்ராவுக்கு மறுதொடக்கக் கட்டளை அனுப்பலாம்.

லோகேஸ்வரன் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

அடுத்து வந்தது தலீலாவின் செய்தி.

"வேலை கிடைச்சிருச்சா அக்கா? நாற்காலிய கீழ கொண்டு வந்துட்டேன். இனி ஏற வேணாம்ல?"