ஏந்திய கை

பழங்காநத்தம் வீட்டில், யூதனை மணக்க மதம் மாறிய சுஷ்மா கைகளை ஏந்தி நிற்கிறாள். இழுத்துக் கழற்றிய மோதிரத்தின் தடத்தில் இன்னும் சோப்பு ஈரம். கோர்ட் விவாகரத்துத் தந்து இரண்டு வருடமாகிறது. ஆனால் கணவன் அனுப்பிய தள்ளுதற்சீட்டு என்ற மணமுறிவுத் தாள் அவள் கையில் விழும்வரை, அந்த மதத்தில் அவள் அவன் மனைவிதான். மும்பையிலிருந்து வந்திருக்கும் அவனுடைய தூதர் தாளை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். சாட்சிகள் இருவரும் வாட்சைப் பார்க்கிறார்கள். வாசலில் பஸ் ஹாரன் ஓயவில்லை. “வெடுக்குன்னு வாங்கேண்டி,” என்கிறாள் அம்மா ஜகதாம்பாள். “எட்டி வாங்குனா செல்லாதும்மா. அவராத்தான் போடணும்.” சுஷ்மா கையை அசைக்கவில்லை. தாள் விழுகிறது. விரல்களை இறுக மூடிக்கொள்கிறாள். பிறகு, அழகர்கோவிலில் துளசி வாங்கிய பழக்கத்தில், அதைக் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள்.