மர்ஹூம் மர்சூக் ஞாபகார்த்தக் கிண்ணம்

‘இவன் உண்மையிலேயே கவலைப்படுகிறானா, இல்லை எல்லாவற்றையும் வீடியோவாகத்தான் பார்க்கிறானா?’

நடுக்கதவுத் திரைக்கு உட்பக்கம் நின்று றஸ்மியா யோசித்துக்கொண்டிருந்தாள். வெளியே, முன் விறாந்தையில், கையில் போனோடு ஓர் இளைஞன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. நான் அக்ரம், உக்குவளையிலேருந்து வாறேன். ‘உக்குவளை பவுண்டரி’ பேஜ் நான்தான் நடத்துறேன். இத்தா வீடுன்னு தெரியும். நீங்க முன்னுக்கு வரத் தேவையில்ல, அங்கேருந்தே பேசுங்க.”

கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண்கள் அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. அந்த மரியாதை தெரிந்த பிள்ளை. திரையை விலக்கப் போன றஸ்மியாவின் கை பாதியில் நின்றது.

“வஅலைக்கும் ஸலாம். இருங்க மகன். வீட்டக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டீங்களா?”

“இல்ல மாமி. த்ரீவீல்காரர்தான் ‘எந்த மர்சூக்? இந்த ஊர்ல ரெண்டு பேர்’ன்னு கேட்டாரு. ‘கிரிக்கெட் மர்சூக்’ன்னேன், நேரா கொண்டாந்து விட்டாரு. நாங்க மர்சூக் நானாவப் பத்திப் போட்ட போஸ்டப் பாத்தீங்களா?”

பார்த்தாளா என்றா கேட்கிறான்? ஒரு வாரமாக அந்த வீட்டில் வேறு எதையுமே பார்க்கவில்லை. பழைய அணிப் படத்தில் மர்சூக்கின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம். மேலே, ‘ஜனாஸா அறிவித்தல்’ என்று மரணச் செய்தி. கீழே மூவாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். உக்குவளையை விட்டு அவர்கள் கலேவெலைக்கு வந்து இருபது வருடம். அங்கிருந்து இந்த வீட்டை ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை.

“பாத்தேன். அதப் போட முந்தி இங்க ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே?”

“நாலு வாட்ஸ்அப் குரூப்ல வந்துட்டே மாமி, கலேவெல மர்சூக் மௌத்துன்னு. லேட்டானா அடுத்த பேஜ்காரன் போட்டுருவான்.” அவன் சற்றுத் தயங்கினான். “ஒளிக்காமச் சொல்றேன். மேட்ச் ஸ்கோர் போட்டா நாப்பது லைக் விழும். அதுலயும் பாதி நம்ம டீம் பொடியன்மார். நானாட போஸ்டுக்கு மட்டும் ஆறாயிரம் பேர் புதுசா சேர்ந்தாங்க.”

“அப்ப மௌத்தானாத்தான் பேஜுக்கு ஆள் வருமா?”

“அப்படித்தான் மாமி ஓடுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைவிட, இன்னும் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கும் ஆவல்தான் பெரிதாக இருந்தது.

“அவரப் பத்தி என்ன சொல்லிக்கிறாங்க?”

“ஹீரோ மாமி! ஒருக்கா எல்லாரும் அவுட்டாகிப் போக, தனியா நின்னு நாப்பத்தேழு அடிச்சி ஜெயிக்க வெச்சாராம்.”

திரைக்குள் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

“அறுபத்திமூணு,” என்றாள் றஸ்மியா. “நொட் அவுட்.”

“மாஷா அல்லாஹ்! நீங்களும் மேட்ச் பாக்கப் போவீங்களா?”

“நான் கிரவுண்ட் பக்கமே போனதில்ல மகன்.”

அக்ரம் வியந்துபோனான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“பல்லேபொல டீமோட ஆடின கடைசி மேட்ச்... அதப் பத்தி யாரும் எழுதல்லியா?”

அவள் கேட்க விரும்பியது அது ஒன்றைத்தான். மர்சூக்கின் கைக்கு வந்த கேட்ச் அன்று நழுவியது. ‘காசு வாங்கிட்டு விட்டுட்டான்’ என்றார்கள். அதற்குப் பிறகு மர்சூக் மட்டையைத் தொடவில்லை. ஊரையே விட்டு வந்தார். ஒரு நல்ல நாளில், சிரித்துக்கொண்டு சாப்பிடும்போதுகூட, திடீரென்று அவர் கை சோற்றில் அப்படியே நின்றுவிடும். என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டதில்லை.

“எழுதியிருக்காங்க மாமி. அப்ப கேப்டனா இருந்த அன்ஸாப் நானா. இன்னைக்குக் காலையிலதான் போட்டாரு.” போனைத் தடவி அக்ரம் வாசித்தான். “‘பந்து வெயிலுக்குள்ள போச்சு. எனக்கே தெரியல்ல. தோத்த ஆத்திரத்துல பழிய அவன் தலையில போட்டேன். மாப்புக் கேக்கணும் கேக்கணும்னே வருசம் போயிட்டு. இனி யார்ட்ட போய்க் கேக்க?’”

திரைக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது.

“அழாதீங்க மாமி!” அக்ரம் பதறிப்போய்ப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

‘பரவாயில்லை, இவனுக்கு மனசும் இருக்கிறது’ என்று நினைத்தாள் றஸ்மியா. கொஞ்ச நேரம்தான். போன் மறுபடி வெளியே வந்தது.

“ஞாயித்துக்கெழம ஃபைனல். மர்ஹூம் மர்சூக் ஞாபகார்த்தக் கிண்ணம்னு பேர் வெச்சிருக்கோம். லைவ் போடுறோம். அன்னைக்குப் பேஜ் ஐம்பதாயிரத்தத் தாண்டிரும். அன்ஸாப் நானாதான் கிண்ணம் குடுக்கிறாரு. முகம் வேணாம் மாமி, உங்க குரல் மட்டும் போதும். ‘அவர் இன்னைக்கு இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு’ன்னு ஒரே ஒரு வரி.”

திரையின் ஓரமாகப் போனைப் பிடித்தபடி ஒரு கை உள்ளே நீண்டது.

அவள் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்தாள். ‘இனி யாரிடம் கேட்பது’ என்று அன்ஸாப் ஊருக்கெல்லாம் தெரிய எழுதிவிட்டால், கேட்டது போல ஆகிவிடுமா? இருபது வருடம் சுமந்தவருக்கு அது போதுமா?

“ஏலாது,” என்றாள் மெதுவாக.

“ஒரே வரிதானே மாமி...”

அவள் சொன்னது அக்ரமுக்கு அல்ல. பக்கத்து நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, சற்று முன் ஆறும் மூன்றுமாக விரல் காட்டிய அதே கையால், ‘சொல்லிவிடேன், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் மௌத்தாகவே இருந்துவிடுகிறேன்’ என்று சைகையால் கெஞ்சிக்கொண்டிருந்த மர்சூக்குக்கு.