தராசில் ஏறிய சாஹா

ரசமய் சாஹா தராசுத் தட்டில் ஏறியதும் நாராயண்கஞ்ச் சணல் சந்தையே ஆர்ப்பரித்தது.

வருஷப் பிறப்புதோறும் நடப்பதுதான். அவர் எடைக்கு எடை சந்தேஷ் என்ற பால் இனிப்பு, அவர் கட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. எதிர்த்தட்டில் போன வருஷத்து அளவுக்கே இனிப்புப் பானைகளை அடுக்கியிருந்தார்கள்.

தராசுக்குப் பின்னால் இருந்த கிடங்கு மாடி ஜன்னலில் அவர் மனைவி நிஸ்தாரிணி நின்றுகொண்டிருந்தாள். ஜிப்பாவுக்குள் இரண்டு சால்வைகளைச் சுற்றி அனுப்பியவள் அவள்தான். உள்ளே உடம்பு எவ்வளவு மிச்சம் என்பது அவளுக்கும் டாக்கா டாக்டருக்கும் தெரியும்.

மறுநாள் நகராட்சித் தேர்தல்.

"சாஹா கரைஞ்சுட்டான். மழைக்காலம் வரைக்கும் தாங்க மாட்டான். ஓட்டைக் கொண்டுபோய் ஆத்துல போடாதீங்க!" என்று எதிர்த்து நின்ற ஜதுநாத் போத்தார் கடை கடையாகச் சொல்லிவந்தார்.

போத்தார் ஜெயித்தால் ஆற்றங்கரை நிலத்தில் அவருடைய கிடங்கு. சாஹா ஜெயித்தால் பிரசவ ஆஸ்பத்திரி. வலியெடுத்து டாக்காவுக்குப் போகும் வழியில் ஒரே மகள் படகிலேயே செத்த பிறகுதான் சாஹா அரசியலுக்கு வந்தார்.

இந்த வருஷம் தராசில் ஏறாவிட்டால் வதந்தி உறுதியாகிவிடும். ஏறினாலோ, எடை காட்டிக்கொடுத்துவிடும்.

சணலில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுகிறவர்களைச் சந்தையைவிட்டே துரத்தியவர், அன்று விடிந்ததிலிருந்து இளநீரும் மோருமாகக் குடித்துத் தீர்த்தார்.

"கடைசியில நானே நனைஞ்ச சணலாயிட்டேன் பாரு!"

ஏப்பத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே அவர் சொன்னபோது, நிஸ்தாரிணியும் வெகு நாளைக்குப் பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

முட்டுக்கட்டையை உருவினார்கள். சங்கு முழங்கியது.

பானைகள் அசையவில்லை. சாஹாதான் சரேலென்று மேலே போய் ஊஞ்சலாடினார்.

முன்னால் நின்ற போத்தார் குடையை ஊன்றி நிமிர்ந்தார்.

"டேய் ரசமய்! தண்ணி தெளிக்க மறந்துட்டியாடா?"

சந்தை குலுங்கிச் சிரித்தது.

"தெளிச்சேன்டா ஜது, பத்தலை!"

சிரித்த சிரிப்பில் சால்வை நழுவியது. கழுத்துக்குக் கீழே குச்சி குச்சியாக எலும்பு. சட்டென்று அவர் மூடிக்கொள்வதற்குள், பக்கத்தில் நின்ற போத்தார் பார்த்துவிட்டார்.

போத்தாரின் சிரிப்பு நின்றது.

அடுத்த கணம் குடையை எறிந்தார். யார் கையிலிருந்தோ மாலையைப் பிடுங்கிக்கொண்டு தட்டுக்குப் பின்னால் ஓடினார்.

"பாவி! நல்ல நாளும் அதுவுமா உன்னைக் கட்டிக்காம விடுவேனா!"

பின்னாலிருந்து சாஹாவை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

தட்டு மெல்லத் தாழ்ந்தது. பானைகள் மெல்ல எழுந்தன. இரண்டும் நேர்கோட்டில் நின்றபோது வெடித்த கூச்சலில் ஆற்றுப் பறவைகள் கிளம்பின. வண்ணப்பொடி பறந்தது. பள்ளிப் பிள்ளைகள் பானைகள்மேல் பாய்ந்தார்கள். பரம எதிரிகள் கட்டிக்கொண்டதைப் பார்த்துப் பெண்கள் குலவையிட்டார்கள்.

நிஸ்தாரிணியால் மட்டும் குலவையிட முடியவில்லை.

தட்டின் பின்பக்கம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. போத்தாரின் செருப்புகள் தரையில் கிடந்தன. கால்கள் இரண்டும் அந்தரத்தில் மடங்கியிருந்தன.