வெள்ளை டம்ளர்

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு வெள்ளை டம்ளர்தான். விளிம்பில் ஆன்டிபாடி பூசியிருக்கும்; குடிப்பவர் எச்சிலில் புற்றுநோயின் திரிந்த புரதம் இருந்தால், உதடு பட்ட இடம் ஊதாவாகிவிடும்.

வேதவல்லி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். ஆனாலும் அவள் டம்ளர் வெள்ளை வெளேரென்று இருந்ததால், கணவர் நடேசன் கவலைப்படவில்லை.

இன்று அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்தார்.

"எச்சியாயிடும்ங்க. அண்ணாந்தே குடிச்சுக்கறேன்."

"பரவால்ல, குடி."

இரண்டு வாய் குடித்தாள். விளிம்பு ஊதாவானது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் உதடு படாமல் தூக்கித்தான் குடித்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எச்சிதானேங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "கழுவினா போயிடும்."