குரங்கு விழுந்த பக்கம்

"ஏனுங்க அம்மணி, குச்சியில குத்தாதீங்க! ஆஞ்சநேயருங்க அது!"

வேலிக்கு அப்பாலிருந்து வந்த குரலைக் கேட்டுப் பூவாத்தாள் குச்சியைக் கீழே போட்டாள். அவளுடைய தென்னந்தோப்பில், வேலியை ஒட்டி ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. வளர்ந்த ஆண் குரங்கு. ஒரு கை கருகியிருந்தது.

குரல் கொடுத்தவர் பக்கத்துச் சோளக்காட்டுக்காரர் நரசிம்மலு. குளித்து, நாமம் இட்டு, கையில் பால் சொம்போடு நின்றிருந்தார்.

பூவாத்தாளே இப்போதுதான் குரங்கைப் பார்க்கிறாள். அதற்குள் இவருக்குப் பால் சொம்பு எங்கிருந்து வந்தது?

"எப்பங்ண்ணா பாத்தீங்க?"

"இப்பத்தானுங்க. உழுந்த எடத்துலயே பொதைக்கோணும், அதுதான் மொறை. குழி வெட்ட நானே ஆளுக்குச் சொல்லி உடறேன். உங்களுக்கு ஒரு செரமமும் வேண்டாம்."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. இவள் தோப்புத் தென்னை மட்டை ஒன்று தன் காட்டில் விழுந்ததற்குப் பஞ்சாயத்து வைத்த மனிதர், இன்றைக்கு ஆள் விட்டுக் குழி வெட்டித் தருகிறாராம்.

வீட்டுக்குப் போய்க் கணவன் தம்பிதுரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தாளே அந்தப் பக்கமிருந்து தூக்கிப் போட்டிருப்பாருங்க."

"சாமி காரியத்துலயுமா சந்தேகம்?"

"சாமி மேல இல்லீங்க. சொம்பு மேல."

தம்பிதுரை சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சித்தப்பா தோட்டத்திலும் இப்படித்தான் ஒரு குரங்கைப் புதைத்தார்கள். முதலில் ஒரு கல் நட்டார்கள். பிறகு மேடை, பிறகு தகரக் கூரை. சனிக்கிழமைதோறும் கூட்டம். கூட்டம் வந்துபோக வழி வேண்டும் என்று காய்க்கிற தென்னைகளை வெட்டினார்கள். இன்று சித்தப்பா அந்த இடத்தை உழவும் முடியாது, விற்கவும் முடியாது. பூவாத்தாளுக்கும் தம்பிதுரைக்கும் இருப்பது இந்த ஒரு தோப்புதான்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் கூடிவிட்டது. தகவல் போய் வனக்காவலரும் வந்தார். குரங்கைப் புரட்டிப் பார்த்தார்.

"விஷமெல்லாம் இல்லீங்க. கரண்ட்டு அடிச்சிருக்குது. மரியாதையா அடக்கம் பண்ணிப்போடுங்க."

"பூவாத்தா தோட்டத்துலயே பண்ணிப்போடலாமுங்க" என்றார் நரசிம்மலு உடனே. "குடுத்து வெச்சவங்க! எல்லாத்துக்குமா இந்தப் பாக்கியம் கெடைக்கும்?"

கூட்டம் தலையாட்டியது. யாரோ ஒருவர் தென்னைக்கடியில் காலாலேயே குழிக்கு அளவு போட ஆரம்பித்துவிட்டார். பூவாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க சார், இதுக்கு உசுரு எங்கீங்க போச்சு?"

"கரண்ட்டுக் கம்பத்துலதானுங்க" என்றார் வனக்காவலர்.

"கம்பம் யாரு காட்டுல நிக்குதுங்க?"

எல்லாத் தலைகளும் திரும்பின. கம்பம் வேலியை ஒட்டி, நரசிம்மலுவின் சோளத்துக்குள் நின்றது.

"அப்ப உசுரு போனது அண்ணன் காட்டுல. இங்க உழுந்தது வெறும் கட்டை. சாமி எறங்குன எடத்த உட்டுப்போட்டு, கட்டை உழுந்த எடத்துல வெச்சா ஊருக்கு ஆகுமுங்களா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அது அவள் பக்கம் திரும்புவது தெரிந்தது.

நரசிம்மலுவின் முகம் சுண்டிவிட்டது. "அம்மணி, கதிர்ல பால் புடிக்கற நேரமுங்க. அத்தனையும் மிதிச்சுப்போடுவாங்க."

"உங்களுக்கில்லாத புண்ணியமுங்களாண்ணா?"

"தம்பிதுரை, நீங்களாவது சொல்லுங்க. உங்க தோப்புல நெழல் இருக்குது, தண்ணி இருக்குது..."

அவர் கெஞ்சக் கெஞ்ச அவளுக்குச் சந்தேகம் உறுதியானது. விடவில்லை. கடைசியில் ஊர் அவள் சொன்னதையே தீர்ப்பாக்கியது. பலகையில் கிடத்தி, மாலை போட்டு, குரங்கை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போனார்கள். போர்த்தச் சிவப்புத் துண்டு கொடுத்தது பூவாத்தாள். பிற்பாடு மேடை கட்டச் செங்கல் இறக்கித் தந்ததும் அவளேதான். மேடை சீக்கிரம் எழும்பினால்தானே மனிதர் பின்வாங்க முடியாது!

"கெட்டிக்காரி நீ" என்றார் தம்பிதுரை. அன்று முழுக்க அவளுக்கு நடையே வேறாக இருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு காலை, முக்காலியில் கருவியை நிறுத்தி நாலு பேர் தோப்பை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் தென்னை மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டே போனான்.

"ஏனுங்க, யாரக் கேட்டு மரத்துல கோடு போடறீங்க?" பூவாத்தாள் ஓடினாள்.

"பைபாஸ் ரோடு வருதுங்கம்மா. இந்தத் தோப்பு நடுவுலதான் போகுது" என்றார் சர்வேயர்.

அவள் வேலிக்கு அப்பால் கை காட்டினாள். "எங்க தோப்பு ஏனுங்க? பக்கத்துல சோளக்காடு வெறுமனேதானே கெடக்குது?"

"மொதல்ல அங்கதாங்க வந்துச்சு. அந்தக் கோயில் எழும்பறதுக்கு முந்தியே அவரு ஊட்டுக்கே போயிச் சொல்லிட்டு வந்தோம். இப்பப் போய்க் கோயில இடிச்சா ஊரே தெரண்டுரும். அதான் இந்தப் பக்கம் திருப்பிட்டோம்."

பூவாத்தாள் வேலியோரம் போய் நின்றாள். நரசிம்மலு மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களாண்ணா?"

அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும்போல மரியாதையாகக் கேட்டார்:

"அந்தக் கொரங்க எங்க காட்டுக்குக் குடுங்கன்னு நான் வாய் தொறந்து கேட்டிருந்தா, நீங்க குடுத்திருப்பீங்களா, அம்மணி?"